இரும்புக்கை மாயாவி: ஆற்றல் தரும் பொருளும் அடங்காத மனமும்

இரும்புக்கை மாயாவி, சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ் வழியாக 1972 முதல் தமிழில் வாசிக்கப்பட்டு வரும் சித்திரக்கதைத் தொடர். 1962-ல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா' தொடரின் தமிழ் வடிவம். மின்சாரம் பாய்ந்தால் தன்னை அணிந்தவனை மறையச் செய்யும் ஓர் உலோகக் கையே இத்தொடரின் மையம். அளவற்ற ஆற்றல் தரும் ஒரு பொருள் சாதாரண மனிதனிடம் சிக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியுடன் தொடங்கிய இத்தொடர், போகப்போக அந்தக் கேள்வியைக் கைவிட்டு ஒற்றன் கதையாக மாறியது. தமிழ் வாசகர்களிடம் அதிகம் நிலைபெற்றது இரண்டாவது வடிவம். கலையாக வலுவானது முதல் வடிவம்.

பதிப்பு

'தி ஸ்டீல் கிளா' வேலியண்ட் இதழின் முதல் இதழிலேயே, 1962 அக்டோபரில் தொடங்கியது. அறிவியல் புனைகதை எழுத்தாளரான கென் புல்மர் முதல் கதைகளை எழுதினார். பின்னர் டாம் டல்லி எழுதினார். பார்சிலோனாவில் பிறந்த ஸ்பானிய ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ (1919–1995) இத்தொடரின் முதன்மை ஓவியர்.

தமிழில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 1972 ஜனவரியில் 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் சௌந்திரபாண்டியன். தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'பாதாள நகரம்' போன்ற தலைப்புகளில் மாயாவியின் கதைகள் தொடர்ந்து வந்தன. பின்னாளில் மறுபதிப்புகளும் வந்தன.

சிவகாசி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985-ல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. சேத்தூர், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களும் இதே மாவட்டத்தில் உள்ளன. தமிழ் சித்திரக்கதையின் முக்கியமான பதிப்பு மையம் சென்னையில் அமையாமல், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாட்காட்டி அச்சுக்கும் பெயர்பெற்ற இந்தக் கரிசல் வட்டாரத்தில் அமைந்தது குறிப்பிடத்தக்கது.

கதை

லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளர். முன்பு நடந்த ஒரு விபத்தில் வலக்கையை இழந்தவர். அதற்குப் பதிலாக உலோகக் கை பொருத்திக்கொண்டவர். ஆய்வுக்கூடத்தில் மற்றொரு விபத்து நேர்ந்து, உயர் அழுத்த மின்சாரம் அவர்மீது பாய்கிறது. அவர் உடல் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. உலோகக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. மின்சாரத்தின் விளைவு தீர்ந்ததும் உருவம் திரும்புகிறது. மீண்டும் மறைய வேண்டுமானால் மீண்டும் மின்சாரத்தைத் தொட வேண்டும்.

இந்த ஆற்றல் கிடைத்தவுடன் கிராண்டேல் நன்மை செய்யப் புறப்படுவதில்லை. அவர் மனம் பிறழ்கிறது. திருட்டிலும் மிரட்டலிலும் இறங்குகிறார். பின்னர் தெளிவு பெற்று, நிழல் படை என்னும் இரகசிய அமைப்பின் ஒற்றராகிறார். விரல்களுக்குள் துப்பாக்கி போன்ற கருவிகள் பொருத்தப்படுகின்றன. அதன்பின் வரும் கதைகளில் அவர் உலகைக் காக்கும் நாயகர்.

ஆற்றல் தரும் பொருள்

பொருளால் ஆற்றல் பெறும் மனிதன் பழைய கதைக்கரு. அணிந்தவனை மறையச் செய்யும் கைஜஸின் மோதிரத்தைப் பற்றி பிளேட்டோ எழுதியிருக்கிறார். யாரும் பார்க்காதபோதும் ஒருவன் நேர்மையாக இருப்பானா என்பதே அந்தக் கதை எழுப்பும் கேள்வி. எச்.ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய 'தி இன்விசிபிள் மேன்' நாவலில் மறைந்து வாழும் ஆற்றல் ஒரு விஞ்ஞானியை வெறிகொள்ளச் செய்கிறது. தொடக்க காலக் கிராண்டேல் இந்த மரபின் வாரிசு.

அதே வேலியண்ட் இதழில் வந்த 'கெல்லிஸ் ஐ' தொடரில், ஒரு மந்திரக் கல் டிம் கெல்லியை எந்த ஆபத்திலிருந்தும் காக்கிறது. ஆனால் கல் கெல்லியின் குணத்தை மாற்றுவதில்லை. அவர் முன்பும் நல்லவர், பின்பும் நல்லவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'தி மாஸ்க்' தொடர் இதற்கு நேர் எதிர்த்திசையில் செல்கிறது. முகமூடியை அணிந்த ஸ்டான்லி இப்கிஸ் தன்னை அவமதித்தவர்களைப் பழிவாங்கத் தொடங்கி, கொலைகாரனாகி, கடைசியில் தானும் உயிரிழக்கிறான். 1994-ல் ஜிம் கேரி நடித்து வந்த திரைப்படம் அந்தக் கொடூரத்தை நகைச்சுவையாக மாற்றியது. கொந்தளிப்பில் தொடங்கும் கதை பெரும் வாசகப் பரப்புக்குச் செல்லும்போது சாதுவாக்கப்படுகிறது. இரும்புக்கை மாயாவிக்கு நடந்ததும் ஏறத்தாழ இதுவே. ஆனால் இங்கே அது தொடருக்குள்ளேயே நடந்தது.

தமிழ் மரபில் இதற்கு வேறொரு பின்புலம் உண்டு. சேத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடரில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்பை ஒட்டி சதுரகிரி உள்ளது. அது சித்தர்கள் உறையும் மலை என்பது மக்கள் நம்பிக்கை. பாதரசத்தைக் கட்டிச் செய்த குளிகையை வாயில் அடக்கினால் வான்வழி செல்லலாம், பிறர் கண்ணுக்குப் படாமல் உலவலாம் என்பவை சித்தர் கதைகள். இக்கதைகளில் குளிகை தற்செயலாகக் கிடைப்பதில்லை. நெடுங்காலத் தவமும் பயிற்சியும் அதற்கு விலை. சித்து கைகூடிய பின்னும் அதில் மயங்குபவன் வழி தவறுவான் என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது.

கிராண்டேலிடம் இந்த வரிசை தலைகீழாகிறது. தவம் இல்லாமல் சித்து வந்துவிடுகிறது. அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு கை. அதுவும் விரும்பிக் கொடுத்ததல்ல. ஊனமும் தனிமையும் கொண்ட மனிதரிடம் வந்துசேர்ந்த ஆற்றல், அவருக்குள் அடங்கிக் கிடந்த சினத்தை அவிழ்த்துவிடுகிறது. தொடக்கக் கதைகளின் உண்மையான அச்சம் இங்கேதான் இருக்கிறது. கிராண்டேலுக்கு எதிரி வெளியே இல்லை.

ஓவியம்

கண்ணுக்குத் தெரியாத நாயகனை வரைவது எப்படி என்பது இத்தொடர் ஓவியருக்கு விட்ட சவால். பிளாஸ்கோ அதை உலோகக் கையின் வழியாகவே தீர்த்தார். கதவுப்பிடியைத் திருகும் கை, பணக்கட்டை எடுக்கும் கை, ஒருவன் கழுத்தை நோக்கி நீளும் கை என ஒரே உறுப்பை வைத்து முழு உடலின் இருப்பையும் வாசகரை உணரச் செய்கிறார். கை எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதிலிருந்து மறைந்திருப்பவரின் நிலையை வாசகர் கணித்துக்கொள்கிறார். படிப்பவரின் கற்பனை ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்கிறது.

கறுப்பு மையை அடர்த்தியாகப் பயன்படுத்தி, நிழலுக்குள் முகங்களை வெட்டிக் காட்டுவது பிளாஸ்கோவின் பாணி. பிரிட்டனின் தெருக்களும் ஆய்வுக்கூடங்களும் புகைப்படத் துல்லியத்துடன் வரையப்பட்டிருப்பதால், அவற்றின் நடுவே மிதக்கும் கை மேலும் அச்சமூட்டுகிறது. சூழல் நம்பும்படி இருப்பதே அதிசயத்தையும் நம்பவைக்கிறது. வண்ணம் இல்லாதது இத்தொடருக்குக் குறை அல்ல.

தமிழ்ப் பெயர்

ஆங்கிலத் தலைப்பில் இருப்பது பொருளின் பெயர். 'கிளா' என்பது பருந்துக்கும் கரடிக்கும் உரிய கூர்நகம். அந்தச் சொல்லிலேயே விலங்கு இருக்கிறது. தமிழ்ப் பெயர் அதைக் 'கை' ஆக்கி மனிதத்தன்மை தருகிறது. தலைப்பின் மையத்தைப் பொருளிலிருந்து மனிதனுக்கு நகர்த்துகிறது. இது வெற்றிகரமான பெயர். ஒருமுறை கேட்டால் மறக்காது.

ஆனால் 'மாயாவி' என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. இராமாயணத்தில் வாலியைப் போருக்கு அழைத்துக் குகைக்குள் இழுத்துச் சென்ற அசுரனின் பெயர் மாயாவி. மாயம் செய்பவன், ஏமாற்றுபவன் என்ற பொருளும் சொல்லில் தங்கியிருக்கிறது. கிராண்டேலின் தொடக்க காலக் குற்றமுகத்துக்கு இது மிகப் பொருத்தமான பெயர். தமிழில் அவர் நாயகராக நிலைபெற்றபோது சொல்லின் அசுர நிழல் மறைந்து, வியப்பு மட்டும் மிஞ்சியது.

மதிப்பீடு

நிழல் படைக் கதைகள் விறுவிறுப்பானவை. எனினும் அவற்றில் உலோகக் கை ஒரு கருவிப்பெட்டி மட்டுமே. முதலில் அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் கிராண்டேல் தன்னை இழக்கக்கூடும் என்ற பதற்றம் இருந்தது. பின்னர் மின்சாரம் கிடைக்குமா என்பது மட்டுமே பதற்றம். வில்லன்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள். பெண் பாத்திரங்கள் அரிது. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நிலங்கள் பெரும்பாலும் ஆபத்தின் பின்னணியாக மட்டும் வருகின்றன. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சாகசக் கதைகளின் பொதுவான குறைகள் இவை.

தமிழில் இத்தொடர் பெரும்பாலும் இளமை நினைவாகவே பேசப்படுகிறது. அந்த அன்பு இத்தொடரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்திருக்கிறது. அதேவேளை, திருடனாகத் தொடங்கிய மனிதனின் கதை இது என்பதை அது மறக்கவும் செய்திருக்கிறது. நல்லவன் கையில் ஆற்றல் கிடைத்தால் உலகம் பிழைக்கும் என்பது எளிய ஆறுதல். ஆற்றல் கிடைத்த பின்னும் ஒருவன் நல்லவனாக இருப்பானா என்பதே கடினமான கேள்வி. இரும்புக்கை மாயாவியின் தொடக்கக் கதைகள் அந்தக் கேள்வியைச் சிறுவர்களிடமே கேட்டன. இத்தொடரை முதன்முறையாகப் படிக்கும் மாணவர்கள் அந்தக் கதைகளிலிருந்து தொடங்குவது நல்லது. கிராண்டேலின் வீழ்ச்சியை அறிந்த பின்பே, அவர் பின்னர் செய்யும் ஒவ்வொரு நற்செயலும் தன் பழைய மனத்தோடு அவர் நடத்தும் போர் என்பது புலப்படும்.