வண்ணப் பென்சில் கோடுகளில் ஒரு பாக்

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் 'புனித மத்தேயு பேஷன்' படைப்பை வில்லம் மெங்கல்பெர்க் நடத்திய ஒலிப்பதிவைப் பற்றி நிதானமாகப் பேசுகிற ரசிகர்கள் குறைவு. மனித குலத்துக்குக் கிடைத்த பெரும்பேறு என்பார் ஒருவர். பாக்கை உருத்தெரியாமல் ஆக்கிய பதிவு என்பார் அடுத்தவர். 1939 ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபௌ அரங்கில், ஆட்கள் கூடியிருக்க, நேரடியாகப் பதிவான நிகழ்ச்சி இது. 1899-இல் அந்த நாளில் இதை நடத்தும் வழக்கத்தைத் தொடங்கியவரே மெங்கல்பெர்க்தான். நாற்பது வருடம் கையில் உருண்ட படைப்பு.

பழைய பதிவு ஒன்றை எடைபோடும்போது மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி: இயந்திரம் எதைத் தின்றது, காலத்தின் வழக்கம் எது, நடத்துநர் தானே எடுத்த முடிவு எது. இந்தப் பதிவைப் பற்றிய சண்டைகளில் பாதி, இவற்றைக் குழப்பிக்கொள்வதால் வருவது.

இயந்திரத்திலிருந்து தொடங்கலாம். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். நீண்ட கோரஸை வெட்டி வெட்டித்தான் பதிய முடியும். இது பதிவானதோ பிலிப்ஸ்-மில்லர் முறையில். கருப்புப் பூச்சுள்ள பிலிம் சுருளில் நீலக்கல் முனை ஒலிக்கேற்பப் பூச்சைச் செதுக்கிக்கொண்டே போகும். பிறகு அந்தத் தடத்தின் வழியே ஒளியைச் செலுத்தி ஒலியை மீட்பார்கள். ஆகவே ஒரு நாடகம் ஒரே மூச்சில் நடந்த உணர்வு இதில் இருக்கிறது. அரங்கத்தின் இருமல்களும் கூடவே வந்திருக்கின்றன.

இழப்பும் உண்டு. பாக் இதை இரண்டு பாடகர் குழு, இரண்டு ஆர்கெஸ்ட்ரா என்று பிரித்து எழுதினார். ஆரம்ப கோரஸில் ஒரு குழு அழைக்கிறது, மறு குழு யாரை, எப்படி, எங்கே என்று கேட்கிறது. இரண்டுக்கும் மேலே சிறுவர்கள் ஒரு கீர்த்தனையை மெதுவாகப் பாடுகிறார்கள். ஒற்றைத் தட ஒலியில் இந்தக் கேள்வியும் பதிலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இது மெங்கல்பெர்க்கின் குற்றமல்ல.

அடுத்தது வழக்கம். இங்கே வயலின்கள் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்கின்றன. நம் வித்வான்களின் ஜாருவைப் போல. இன்று ஐரோப்பிய மேடைகளில் அரிதாகிவிட்ட இந்தப் பழக்கம் அன்று வாத்தியக்காரர்களின் இயல்பான பேச்சு. பெரிய பாடகர் குழுவும் அப்படித்தான். 1829-இல் பெர்லினில் மெண்டல்சன் இந்தப் படைப்புக்கு மறுவாழ்வு தந்ததிலிருந்தே பேஷன் என்றால் பெருங்கூட்டம் பாடுவது. பாக்கோ 1730-இல் லைப்சிக் நகரசபைக்கு எழுதிய குறிப்பில் ஒரு குழுவுக்குக் குறைந்தது பன்னிரண்டு பேர், பதினாறானால் நல்லது என்றுதான் கேட்டார்.

ஆனால் எல்லாவற்றையும் 'அந்தக் காலம்' என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. மெங்கல்பெர்க் பல ஆரியாக்களை வெட்டியிருக்கிறார். கதை ஒரு கட்டத்தை எட்டியதும் நின்று, ஒரு தனிக்குரல் அதை நெஞ்சில் வாங்கி அசைபோட இடம் கொடுப்பதுதான் பாக்கின் கட்டுமானம். ஆரியாவை எடுத்துவிட்டால் அந்த அளவு கெடும். இத்தகைய அணுகுமுறைக்கு அவர் காலத்திலேயே, அவர் நாட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. 1921-இல் நெதர்லாந்து பாக் சங்கம் தோன்றியது. மறு வருடமே நார்டன் ஊர்த் தேவாலயத்தில் மத்தேயு பேஷனைப் பாடத் தொடங்கியது. மாற்று வழி கண்ணெதிரே இருந்தும் மெங்கல்பெர்க் வெட்டினார். எனவே அது அவர் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

அந்தக் கணக்கில் வரவும் பெரிது. அவருடைய பேஷன் ஸ்கோரின் பக்கங்கள் வண்ணப் பென்சில் குறிப்புகளால் நிறைந்தவை. அந்தக் கோடுகள் பதிவில் காதுக்குக் கேட்கின்றன. ஆரம்ப கோரஸை நடத்துநர் கார்டினர் 1988-இல் சுமார் 7 நிமிடத்தில் முடித்தார். க்ளெம்பரரின் 1961 பதிவு 12 நிமிடத்தை நெருங்கும். மெங்கல்பெர்க் க்ளெம்பரர் பக்கம். ஆனால் க்ளெம்பரரின் காலப்பிரமாணம் கல்தூண் மாதிரி அசையாது. இவருடையதோ வரிக்கு வரி இளகி, இறுகி, மீண்டும் இளகுகிறது. கோரல் கீர்த்தனைகளில் ஒவ்வொரு வரியின் முடிவையும் இழுத்து நிறுத்துகிறார். முள்முடி தரித்த தலையைப் பாடும் மெட்டு இந்தப் படைப்பில் ஐந்து தடவை வருகிறது. பாக் சில தடவை சுருதியை மட்டும் மாற்றுகிறார், சில தடவை ஹார்மனியையே மாற்றுகிறார். அந்த நுட்பம் தானே பேசும். மெங்கல்பெர்க் அதையும் விளக்கிக் காட்டப் போகிறார். இந்த இடங்களில் எனக்கு அவர் மேல் பொறுமை போய்விடுகிறது.

இயேசுவுக்குப் பதில் விடுவிக்கச் சொல்லி மக்கள் கூட்டம் பரபாசின் பெயரைக் கத்தும் இடத்தில் மறுபடி அவரிடம் தோற்றுப்போகிறேன். ஒரே ஒரு சொல், ஒரே ஒரு கோணல் ஸ்வரக்கூட்டு. சிறு குழு பாடினால் அது கூர்மையாகக் குத்தும். இந்தப் பெருங்கூட்டம் பாடும்போது அது கும்பலின் வெறியாகவே எழுகிறது.

பதிவின் உயிர் கார்ல் எர்ப். சுவிசேஷகராகக் கதை சொல்லும் டெனர். 1917-இல் பிட்ஸ்னரின் 'பாலஸ்ட்ரினா' ஓபெராவில் முதன்முதல் அந்த நாயகனாக நின்றவர். இங்கே அவருக்கு வயது 61. குரலில் ஈரம் வற்றியிருக்கிறது, உச்சரிப்பு மட்டும் கண்ணாடி. இயேசுவைத் தெரியாதென்று மறுத்த பேதுரு, சேவல் கூவியபின் வெளியே போய்க் கதறும் இடத்தில் பாக் ஒரே சொல்லை மேல் ஸ்தாயிக்கு ஏற்றிச் சுழற்றுகிறார். எர்ப் அதை அழுதுகாட்டவில்லை. குரலை மெலியவிட்டு, அருகில் நின்று பார்த்தவர் சொல்ல முடியாமல் சொல்வதுபோல் விடுகிறார். அது அடங்கியதும் 'எர்பார்மே டிஷ்' ஆரியாவுக்கு லூயி சிம்மர்மனின் வயலின் நுழைகிறது. இலோனா டுரிகோவின் ஆல்ட்டோ குரல் பின்தொடர்கிறது. மேலே சொன்ன வழுக்கல் இங்கே அலங்காரமாகப் படவில்லை. பேதுரு நிறுத்திய அழுகையை வயலின் எடுத்துக்கொள்கிறது.

அரங்கில் யாரோ விசும்புவது கேட்கிறது என்று ரசிகர்கள் பலர் சொல்வார்கள். இரண்டரை வாரங்களுக்கு முன்புதான் ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் நுழைந்திருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் நெதர்லாந்தின் முறை. 1941-இல் இதே ஆர்கெஸ்ட்ராவிலிருந்து யூதக் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துப்போனதற்காக, போருக்குப் பிறகு மெங்கல்பெர்க்குக்குத் தாய்நாட்டில் இசை நடத்தத் தடை விழுந்தது. 1951-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். இவையெல்லாம் கேட்பவர் மனதில் வந்து உட்காரத்தான் செய்யும். ஆனால் பின்னால் நடந்ததை வைத்து இந்தப் பதிவுக்குப் புனிதம் ஏற்றவும் வேண்டாம், அழுக்கு பூசவும் வேண்டாம். எர்ப் அந்த ஒரு சொல்லைப் பாடும் விதத்துக்கு வரலாற்றின் சிபாரிசு தேவையில்லை.

என் தீர்ப்பு இது: கட்டுமானமாகப் பார்த்தால் குறைப்பட்ட பாக், கதை சொல்லலாகக் கேட்டால் இதற்கு நிகராக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. மத்தேயு பேஷனை முதன்முதலாகக் கேட்பவருக்கு இதைக் கொடுக்க மாட்டேன். கார்டினரையோ, 1958-இல் மியூனிக்கில் கார்ல் ரிக்டர் பதிந்ததையோ முழுதாகக் கேட்டு, எந்த ஆரியா எங்கே வரும் என்று மனதில் பதிந்தபின் இதற்கு வரட்டும். விடுபட்டது எது என்று தெரிந்து கேட்டால்தான் மெங்கல்பெர்க் கொடுத்தது எவ்வளவு என்பதும் தெரியும்.