வள்ளி திருமண நாடகத்தின் நிலைபேறு

பழநிமலைத் தொடரின் அடிவாரத்து ஊர்களில் கோயில் விழாவை ஒட்டி இசைநாடகம் ஒன்று நடைபெறுமாயின், அது பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) வள்ளி திருமணமாகவே இருக்கும். இந்நிலைபேற்றுக்கு முருகபத்தியே காரணம் என்பர் சிலர். பத்தி ஒன்றே காரணமாயின் கந்தபுராணம் படிக்கக் கேட்டல் போதும். விடியுமளவும் அரங்கின்முன் விழித்திருக்க வேண்டுவதில்லை.

வள்ளி கதை பழமையுடையது. நற்றிணை 82ஆம் பாட்டிலேயே முருகனொடு சேர்ந்த வள்ளி உவமையாகின்றாள். கச்சியப்பர் அக்கதையைத் தட்ச காண்டத்தில் விரித்தார். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்ற சங்கரதாஸர் இவ்விரு மரபையும் அறிந்தவரே. எனினும் அவர் செய்த புதுமை வேறு. அகப்பாட்டில் தினைப்புனம் காக்கும் தலைவி தோழியிடமே மிகுதியும் பேசுவாள். தலைவனொடு வழக்காடுதல் அரிது. நாடகத்து வள்ளியோ முதலில் நாரதரொடும் பின்னர் வேலனொடும் சொல்லுக்குச் சொல் தர்க்கம் செய்கின்றாள். நாடகத்தின் உயிர்நிலை ஈண்டே உளது என்பது நம் கருத்து.

தனி நடிகர்களைப் பல ஊர்களிலிருந்து அழைத்து நடத்தும் 'ஸ்பெஷல்' நாடக முறையை நோக்குவார்க்கு இது விளங்கும். வள்ளியாக வருபவர் ஓரூர், வேலனாக வருபவர் வேற்றூர், ஆர்மோனியக்காரர் மற்றோரூர். ஒத்திகை இல்லை. அனைவர்க்கும் பொதுவாய் உள்ளவை கதைப்போக்கும் மனப்பாடமான பாடல்களுமே. இடையிலுள்ள தர்க்கம் அன்றன்று பிறப்பது. எதிராளி எடுக்கும் வினா யாதென அறியாமல் மேடையேறும் நடிகர்க்குப் புலமையும் வேண்டும், குரலும் வேண்டும்.

இவ்விடைவெளியில் காலமும் புகுந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் விசுவநாததாஸ் இந்நாடக மேடையிலேயே, தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் வழக்கைப் பற்றிக்கொண்டு, வெள்ளைக் கொக்கின்மேல் வைத்து வெள்ளையராட்சியைச் சாடிப் பாடினார். பன்முறை சிறை புகுந்த அவர், 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னை அரங்கில் முருகன் கோலத்தில் மயில்மீது அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஆலோலப் பாட்டு வள்ளிக்குரிய மரபு. அதனை அரசியற் பாட்டாக்க நூலில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

திரைப்படம் இக்கதையை 1933இலும், ஏவி. எம்மின் 'ஸ்ரீ வள்ளி'யாக 1945இலும் கைக்கொண்டது. பின்னதன் வெற்றி பெரிது. ஆயினும் மேடை ஓய்ந்திலது. படச்சுருளில் வள்ளி ஒருமுறை சொன்ன விடையையே என்றும் சொல்வாள், மேடையில் அவ்வாறன்று.

நூலில் இல்லாதன யாவும் இடைச்செருகல், அவற்றைக் களைந்து 'தூய' வடிவம் காணல் வேண்டும் என்னும் பதிப்புக் கொள்கையை நாம் ஏற்றற்கில்லை. இடைச்செருகலெல்லாம் நன்றென்பதும் நம் கருத்தன்று. தர்க்கம் சூடேறும் வேளையில் திரைப்பாட்டு மெட்டொன்றை நுழைத்துக் கைதட்டல் பெறுவோர் உளர். அஃது வள்ளியின் விடையை வாயடைப்பதேயாம். அதனைத் தள்ளுக. ஆனால் அச்சுப்படியை மட்டும் வைத்து இந்நாடகத்தை மதிப்பிடும் ஆய்வாளர், பாதி நாடகத்தையே படித்தவராவர். மூத்த நடிகர்தம் தர்க்கங்கள் ஒலிப்பதிவாகவேனும் தொகுக்கப்படாவிடின், மறுபாதி அவர்களொடு போகும்.