‘தொடாதீர்கள்’: அருங்காட்சியகம், ஊனம், கலைக்கல்வி குறித்துச் சில குறிப்புகள்

1

யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதை நமக்கெல்லாம் தெரியும். காலைத் தொட்டவன் தூண் என்றான், காதைத் தொட்டவன் முறம் என்றான், வாலைப் பிடித்தவன் துடைப்பம் என்றான். உண்மை பல முகம் கொண்டது என்று தத்துவம் பேசவும் இந்தக் கதை பயன்படுகிறது, சிரிக்கவும் பயன்படுகிறது. ஆனால் இதைச் சொல்வது யார் என்று யாரும் கேட்பதில்லை. யானையை முழுசாகப் பார்த்துவிட்டதாக நம்புகிற ஒருவன் வெளியே நிற்கிறான். கதைசொல்லி அவன்தான். குருடர்களை இன்னும் ஒரு மணி நேரம் யானையைச் சுற்றி வர விட்டிருந்தால், அவர்களை ஒருவரோடொருவர் பேச விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோலின் சொரசொரப்பு, வயிற்றுக்குள் ஓடும் அதிர்வு, மூச்சின் சூடு என்று பார்த்தவனுக்குத் தெரியாத ஒரு யானை அவர்களுக்குக் கிடைத்திருக்கும். கதை அதற்கு இடம் தருவதில்லை. ஆளுக்கு ஒரு தொடல், அதோடு தீர்ப்பு.

ஊனமுற்றோருக்குக் கலை கற்பிக்கிறோம் என்று நடக்கும் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இந்தக் கதையின் அமைப்பைத்தான் கொண்டிருக்கின்றன. டிசம்பர் 3 வந்தால் ஓவியப் போட்டி. 1992 முதல் ஐ.நா. அனுசரிக்கும் நாள் அது. அப்படியொரு போட்டிக்கு நடுவராகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். காது கேளாத பிள்ளைகளுக்கு விதிமுறைகளை ஒலிபெருக்கியில் படித்தார்கள். சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட அங்கே இல்லை. ஒரு மணி நேரத்தில் படம், பிறகு சான்றிதழ், டிபன் பொட்டலம், குரூப் போட்டோ. ‘பாவம், எவ்வளவு நல்லா வரையறாங்க பாருங்க’ என்றார் விருந்தினர். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லுக்குப் பிறகு எந்த விமர்சனமும் சாத்தியமில்லை. ஒரு படத்தைப் பார்த்து, இந்த நிறம் இங்கே சரியில்லை என்று சொல்லும் மரியாதையைக்கூட நாம் அந்தப் பிள்ளைக்குத் தருவதில்லை.

பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். ஊனமுற்றோர் என்றோம், மாற்றுத்திறனாளிகள் என்றோம். 2015இல் பிரதமர் ‘திவ்யாங்’ என்றார், அதாவது தெய்வீக உறுப்பு கொண்டவர். தெய்வமாக்குவதும் ஒருவரைத் தள்ளிவைக்கும் வழிதான் என்பது இந்த நாட்டில் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். நான் இங்கே ஊனமுற்றோர் என்றே எழுதுகிறேன். ஊனம் உடலில் மட்டும் இல்லை, படியில் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல அந்தச் சொல் எனக்கு வேண்டியிருக்கிறது.

2

அருங்காட்சியகத்துக்கு வருவோம். உள்ளே நுழைந்ததும் முதலில் படிக்கக் கிடைப்பது ‘தொடாதீர்கள்’. இது ஏதோ இயற்கை விதி மாதிரி நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இதற்கு வரலாறு உண்டு. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் 1683இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வந்தவர்கள் பொருள்களைக் கையில் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கதவு பொதுமக்களுக்கும் தொழிலாளிகளுக்கும் அகலத் திறந்தபோது கண்ணாடியும் கயிறும் காவலாளியும் பெருகினார்கள். கனவான்களின் கை தொடலாம், கூட்டத்தின் கை தொடக்கூடாது. தொடுதல் கீழான புலன், பார்த்தல் மேலான புலன் என்ற படிநிலை இப்படித்தான் கட்டடமாக எழுந்தது.

‘தொடாதே’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன கனம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கருவறைச் சிலையை யார் தொடலாம் என்பது இன்றைக்கும் நீதிமன்றம் வரை போகிற விஷயம். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் வந்த செப்புத்திருமேனி சாதியின் தூரத்தை ஒருவகையில் கடந்தது. யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி அதன் முகத்துக்கு நேரே நிற்கலாம். இது சின்ன விஷயமில்லை. ஆனால் சாதியின் தூரம் போன இடத்தில் பாதுகாப்பின் தூரம் வந்தது. கண் இருப்பவனுக்கு அந்தத் தூரம் ஒரு தடையே அல்ல. கண் இல்லாதவருக்கு அது முழுத் தீண்டாமை.

வியர்வையும் உப்பும் உலோகத்தை அரிக்கும், உண்மைதான். எல்லாவற்றையும் எல்லோரும் தடவட்டும் என்று நான் சொல்லவில்லை. எதைத் தொடலாம் என்ற கேள்வியைக்கூட நாம் கேட்டதில்லை என்பதுதான் புகார். கோவையில் வனக்கல்லூரி வளாகத்தில் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது, 1902இல் திறக்கப்பட்டது. அங்கே மரத்துண்டுகளும் குறுக்குவெட்டுகளும் இருக்கின்றன. தேக்குக்கும் ஈட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் கண்ணைவிட நன்றாகச் சொல்லும். மரத்தின் வளையத்தை நகத்தால் எண்ணலாம். பேரூர்க் கோயில் கனகசபையின் கல்தூண் சிற்பங்கள் நூற்றாண்டுகளாக மனித நடமாட்டத்துக்கு நடுவே நிற்கின்றன. உக்கடத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பேரூர். ஒரு சிற்ப ஆசிரியரும் பத்துப் பார்வையற்ற மாணவர்களும் இரண்டு மாதம் வாராவாரம் போனால் அதுவே ஒரு கலைப்பள்ளி. யாருக்கும் தோன்றவில்லை.

தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் ‘அனுபவ்’ என்ற தொடுகைக் காட்சிக்கூடத்தைத் திறந்தது. புகழ்பெற்ற பொருள்களின் நகல்கள், பிரெயில் விளக்கம், ஒலிக்குறிப்பு. வரவேற்க வேண்டிய காரியம். இருந்தாலும் ஒரு கேள்வி தொக்கி நிற்கிறது. கண்ணுக்கு அசல், கைக்கு நகல் என்ற பிரிவினை அங்கேயும் தொடர்கிறது. அசல் எல்லோருக்கும் அரிதாகட்டும், நகல் எல்லோருக்கும் பொதுவாகட்டும். பார்வையுள்ளவனும் அந்த நகலைக் கண்ணை மூடித் தடவி, தனக்கு எவ்வளவு தெரியவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

3

சரி, தொடவிட்டாயிற்று. கற்பிப்பது எப்படி? இங்கே இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விக்டர் லோவன்ஃபெல்ட் வியன்னாவில் யூதர்களுக்கான பார்வையற்றோர் நிறுவனத்தில் களிமண் சிற்பம் கற்பித்தவர். பார்வையற்ற மாணவர்கள் செய்த உருவங்களில் உணர்ச்சி குவிந்த உறுப்பு பெரிதாக வந்தது. வலிக்கும் தலை, ஏந்தும் கை. இது பிழையல்ல, உடலின் உள்ளிருந்து கட்டப்படும் வேறொரு வடிவ இலக்கணம் என்றார் அவர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பினார், பிறகு அமெரிக்கா போனார். அங்கே வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்ற கறுப்பர் கல்லூரியில் ஓவியம் கற்பித்தார். பின்னாளில் பெரும் ஓவியரான ஜான் பிகர்ஸ் அங்கே அவருடைய மாணவர். 1943இல் ஹாம்ப்டன் மாணவர்களின் படைப்புகள் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. பார்வையற்ற யூதப் பிள்ளையிடமும் கறுப்பு மாணவனிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: உன் உடல் அனுபவித்ததிலிருந்து தொடங்கு. காட்சி வகையினர், தொடுவுணர்வு வகையினர் என்று மனிதர்களை அவர் இரண்டாகப் பிரித்ததை நான் ஏற்கவில்லை. வகைப்படுத்தல் எப்போதும் யாரையாவது ஒரு பெட்டிக்குள் பூட்டும். ஆனால் விதிவிலக்கிலிருந்து விதியைக் கேள்வி கேட்ட அவருடைய துணிவு நமக்கு வேண்டும்.

இன்னொருவர் பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980). சிறுவயதிலிருந்தே பார்வை மோசம். சாந்திநிகேதன் இந்தி பவனச் சுவர்களில் இடைக்காலப் பக்திக் கவிகளை 1946–47இல் வரைந்தார். பிறகு நேபாளத்தில் காட்மாண்டு அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தார். 1950களின் பிற்பாதியில் கண் அறுவை தோற்று முழுப் பார்வையும் போனது. அதன்பின் காகிதத்தை வெட்டி ஒட்டினார், சிற்றுருவங்கள் செய்தார், ஓட்டுச் சில்லுகளில் சுவரோவியம் அமைத்தார். 1972இல் அவருடைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றிப் படமெடுத்தார். எல்லோரும் வியப்பது இதைத்தான்: கண் போன பிறகும் வரைந்தார்! எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பார்வை போன பிறகு அவர் கலாபவனத்துக்குத் திரும்பி வந்து, பார்வையுள்ள மாணவர்களுக்குக் கலை வரலாறு கற்பித்தார். ஊனமுற்றவர் கற்றுக்கொள்பவர், மற்றவர் கற்பிப்பவர் என்ற எதிர்வு அங்கே கவிழ்ந்துவிட்டது. நம் நிகழ்ச்சிகளில் ஊனமுற்ற ஓவிய ஆசிரியர் எத்தனை பேர்?

4

‘இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு’ என்பவர்கள் கொங்குக் கோயில்களில் குவிந்து கிடக்கும் உருவாரங்களைப் பார்க்கட்டும். நோவு தீர வேண்டி மண்ணில் கை, கால், குழந்தை என்று செய்து வைக்கிறார்கள். ஊனமுற்ற உடலைக் களிமண்ணில் வனையும் மரபு நம்மிடம் ஏற்கனவே உண்டு. ஆனால் செய்பவர் குயவர், கேட்பது குணம். ஊனமுற்றவர் தம் உடலைத் தாமே வனைந்து, குணப்படுத்து என்று கேட்காமல் ‘இது நான்’ என்று வைத்தால் அது என்ன பொருள் தரும்? கலைக்கல்வி அந்த இடத்தில் தொடங்க வேண்டும். நாம் கற்பித்ததோ நாற்காலிப் பின்னல், மெழுகுவத்தி, சாக்பீஸ். பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும்தான். ஆனால் பிழைப்பு மட்டும் போதும் என்று யாருக்காக யார் முடிவு செய்தது?

2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம், பிரிவு 29, போதாது என்கிறது. ஊனமுற்ற கலைஞருக்கு ஆதரவு, கலையை அவர்கள் அணுகும்படி ஆக்குதல், கலைப் பாடங்களைத் திருத்தி அமைத்தல் என்று அரசின் கடமைகளை அது அடுக்குகிறது. அதில் ஒரு வரி என்னை உலுக்குவது: ஊனமுற்றோரின் வரலாற்று அனுபவங்களைப் பதிவுசெய்து விளக்கும் ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்பது. 2022இல் சென்னை கடற்கரைச் சாலையில் தமிழக அரசு திறந்த வாய்ப்புகளின் அருங்காட்சியகம் நல்ல முயற்சி. உதவிக் கருவிகளை அங்கே தொட்டு, இயக்கிப் பார்க்கலாம். ஆனால் கருவி வேறு, வரலாறு வேறு.

அந்த வரலாற்றை எங்கே தேடுவது? உக்கடத்தில் தேடலாம் என்கிறேன். தறிச் சத்தத்தில் காது போனவர்கள், இயந்திரத்தில் விரல் போனவர்கள் இந்த மில் ஊரில் இல்லாமலா இருப்பார்கள்? நகரத்தின் கழிவை அள்ளியவர்களின் குடியிருப்பு இங்கே இருந்தது. சாக்கடை வாயு அவர்கள் நுரையீரலை என்ன செய்தது? 1997 நவம்பர் கலவரம், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பு. குண்டுவெடிப்பில் செத்தவர்கள் 58 பேர் என்று எண்ணிக்கை சொல்வோம். கண்ணும் காலும் இழந்து உயிரோடு மிஞ்சியவர்கள் எந்த மதத்தவரானாலும் எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லை. ஊனம் விதியால் மட்டும் வருவதில்லை. கூலியாலும் சாதியாலும் வெறுப்பாலும் வருகிறது. இதைச் சொல்லாத ஊன அருங்காட்சியகம் இன்னொரு கருணை இல்லமாகத்தான் முடியும்.

உக்கடத்துக் குடியிருப்புச் சுவர்களில் இப்போது பெரிய பெரிய ஓவியங்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகு. அந்தச் சுவருக்குள்ளேயே குடியிருக்கும் பார்வையற்றவருக்கு அது பழைய சுவர்தான். ஆள் எட்டும் உயரத்துக்கு மட்டுமாவது சுதையில் புடைப்பாகச் செய்திருந்தால்? மண்ணும் சுண்ணாம்பும் குழைக்க அந்தக் குடியிருப்பு ஊனமுற்றோரையே கூப்பிட்டிருந்தால்? ‘ஏனுங்க, நாங்க என்னத்தச் செய்யறதுங்க?’ என்று முதலில் தயங்குவார்கள். தயங்கட்டும். தலைமுறை தலைமுறையாக ‘தொடாதே’ என்று கேட்டுப் பழகிய கை அது.

என் கோரிக்கை சின்னது. கோவையில் எந்த அருங்காட்சியகமோ கலைக்கூடமோ அடுத்த டிசம்பர் 3க்குப் போட்டி நடத்த வேண்டாம். அந்தப் பணத்தில் ஊனமுற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், வருஷம் முழுக்க. வருஷக் கடைசியில் மாணவர்கள் செய்ததைக் காட்சிக்கு வைத்து, எங்களை மாதிரி விமர்சகர்களைக் கூப்பிடட்டும். நல்லதை நல்லது என்போம், மோசமானதை மோசம் என்போம். ‘பாவம்’ என்ற சொல் அந்த அறைக்குள் வரக்கூடாது.