ஆண்டு குறிக்கப்படாத தாள்கள்: எல்லை நகரங்களின் திரைப்பட அறிவிப்புகளை வாசித்தல்

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் திரையைப் பார்த்தே எழுதப்பட்டு வந்துள்ளது. நடிகர், இயக்குநர், பாடல், அரசியல் என அதன் இயல்கள் விரிகின்றன. ஒரு படம் எந்த ஊரில், எந்த நாளில், எவர் முன்னிலையில் காட்டப்பட்டது என்னும் எளிய வினாவுக்கு அந்நூல்களில் விடை தேடுவோர் ஏமாற்றமே அடைவர். தியடோர் பாஸ்கரனின் 1981ஆம் ஆண்டு ஆங்கில நூலும், தென்னிந்தியத் திரையிடலைப் பற்றிய ஸ்டீபன் ஹியூஸின் ஆய்வுகளும் குறிப்பிடத்தக்க விதிவிலக்குகள். ஆயினும் அவை சிறப்பாக ஒளி பாய்ச்சும் காலம் விடுதலைக்கு முந்தியது. 1950களையும் 1960களையும் பொறுத்தவரை, நாளேட்டின் ‘இன்றைய சினிமா’ப் பத்தியும், தெருவில் வழங்கப்பட்ட வண்ணத்தாள் நோட்டீசும், சுவரொட்டியும் இன்னும் தக்க கவனம் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இவ்வறிவிப்புகளை இலக்கியமாகக் கருதுவார் இலர். எனினும் அவற்றுக்கென ஓர் உரைநடை மரபு உண்டு. அரங்கின் பெயர், படத்தின் பெயர், ‘தினசரி மூன்று காட்சிகள்’, தரை, பெஞ்சு, நாற்காலி என்ற இருக்கை வரிசை, பெண்களுக்குத் தனியிடம் உண்டு என்ற உறுதிமொழி, கதைச் சுருக்கம், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்னும் முடிப்பு, அடியில் மிகச் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர். இந்த ஒழுங்குக்குள் ஒரு சமூகத்தின் படிநிலையே அடங்கியிருந்தது. யார் தரையில் அமர்ந்தனர், யார் நாற்காலியில் அமர்ந்தனர், பெண்கள் எவ்வாறு அழைக்கப்பட்டனர் என்பவற்றைப் படத்தின் சுருளைவிட நோட்டீசே தெளிவாகக் கூறும்.

நாளேட்டுப் பத்திக்கும் தெரு நோட்டீசுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நாளேட்டில் வந்த அறிவிப்புக்கு நாளேட்டின் தேதியே சான்று. நோட்டீசிலோ ‘வெள்ளிக்கிழமை முதல்’ என்றிருக்கும். சில வேளை நாளும் மாதமும் இருக்கும். ஆண்டு பெரும்பாலும் இராது. அடுத்த வாரமே பயனற்றுப் போகும் தாளுக்கு ஆண்டு எதற்கு என்று அச்சிட்டவர் கருதியிருக்கலாம். வரலாற்றை நாடுவோர்க்கு அதுவே பெருங்குறை.

இக்குறை மாநகரத்தைவிடச் சிற்றூரையே மிகுதியாகத் தாக்குகிறது. ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் எடுத்துக்கொள்வோம். இன்று தொழிற்பேட்டைகளாலும் வாகனத் தொழிற்சாலைகளாலும் அறியப்படும் இவ்வட்டாரம், நூற்றாண்டின் நடுவில் சேலம் மாவட்டத்தின் வடகோடியாக இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டத்துடன் பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் தெருவில் ஒலித்த நிலம் இது. 1956இன் மொழிவழி மாநிலப் பிரிவினை ஓசூரைச் சென்னை மாநிலத்திலேயே நிறுத்தியது. ஆனால் ஓசூர்வாசிக்கு நகரம் என்றால் சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருந்த பெங்களூரே. சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

திரைப்பட வணிகம் வகுத்த எல்லைகளும் இங்கு நோக்கத்தக்கவை. விநியோகஸ்தர்களின் கணக்கில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் ‘சேலம் ஏரியா’. பெங்களூர் மைசூர் ஏரியா. ஒரே தமிழ்ப் படம் இவ்விரு இடங்களுக்கும் வெவ்வேறு கைகளின் வழியாக, வெவ்வேறு காலங்களில் வந்து சேரும். பிரதிகள் குறைவாக இருந்த காலத்தில், பெருநகரங்களில் ஓடித் தேய்ந்த சுருள்தான் சிற்றூர்க் கொட்டகைக்கும் டூரிங் டாக்கீசுக்கும் கிடைக்கும். ஆகவே நூல்களில் நாம் காணும் ‘வெளியீட்டு நாள்’ சென்னையின் நாளே, ஓசூரின் நாளன்று. ஓசூரின் நாளைச் சொல்லவல்ல சான்று அந்த ஆண்டில்லாத நோட்டீசு ஒன்றே.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று வினவுவோர்க்கு, நம் சமூகத்தோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைக் கூற விரும்புகிறேன்.

பாரசீக, உருது மரபில் புகழ்பெற்ற பகாவலிக் கதையைத் தழுவி, டி.ஆர். ராமண்ணா இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த ‘குலேபகாவலி’ 1955 ஜூலை 29 வெள்ளிக்கிழமை வெளியானது. அந்நாளை ஹிஜ்ரி நாட்காட்டியோடு ஒப்பிட்டால், அது 1374ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாளை ஒட்டி அமைவதைக் காணலாம். பிறை காண்பதில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். எனினும் ஹஜ்ஜுப் பெருநாளின் வாசலில் அப்படம் வந்தது என்பதில் ஐயமில்லை. ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாவமன்னிப்பு’ 1961 மார்ச் 16இல் வெளியானது. அது ஹிஜ்ரி 1380 ரமளானின் இறுதி நாட்கள். ஓரிரு நாளில் ஈதுல் ஃபித்ர். முஸ்லிம் வைத்தியர் ஒருவரால் வளர்க்கப்படும் ரஹீம் என்னும் இளைஞனாகச் சிவாஜி கணேசன் தோன்றிய படம் அது; நாகூர் இ.எம். ஹனிபாவின் குரலும் அதில் ஒலித்தது.

இரண்டு சான்றுகளைக் கொண்டு விதி வகுத்தல் அறிவுடைமையன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் பொங்கலன்றே வெளிவந்தது. பாக்தாதின் கதை ஆயினும் அது தமிழர் திருநாளையே நாடியது. எனவே பெருநாள் கூட்டத்தை எண்ணி அவ்விரு படங்களும் வெளியிடப்பட்டனவா, தற்செயலா என்பதை இன்று முடிவு செய்ய இயலாது. ஆனால் வினா எழுந்துவிட்டது: முஸ்லிம்களைத் தம் பார்வையாளராக எண்ணித் தமிழ்த் திரையுலகம் நாள் குறித்ததா? எண்ணியிருப்பின், எந்த ஊர்களில், எந்தச் சொற்களால் அழைத்தது?

இவ்வினாவுக்குச் சென்னையின் வெளியீட்டு நாள் விடையாகாது. ‘பாவமன்னிப்பு’க்காகச் சென்னை சாந்தி அரங்கின் மேல் பெரிய பலூன் பறக்கவிடப்பட்டதைத் திரைப்பட வரலாறு எழுதுவோர் மறவாமல் குறிப்பிடுகின்றனர். பலூன் ஓசூருக்கு வருவதில்லை, நோட்டீசுதான் வரும். கிருஷ்ணகிரிக் கொட்டகைக்காரர் அப்படத்தை அடுத்த பெருநாளுக்கென்று காத்திருந்து திரையிட்டாரா? ‘ஈத் முபாரக்’ என்று தாளின் தலையில் அச்சிட்டாரா? தமிழில் மட்டும் அச்சிட்டாரா, உருதுவையும் சேர்த்தாரா? நான்கு மொழி பேசும் ஊரில், எந்த மொழியில் ஒருவர் பொதுவெளிக்கு அழைக்கப்பட்டார் என்பது சிறிய செய்தியன்று. பள்ளிவாசல் தெருவில் அந்த நோட்டீசு கொடுக்கப்பட்டதா, அத்தெரு தவிர்க்கப்பட்டதா என்பதும் அவ்வாறே.

உருது பேசும் எல்லைவாழ் முஸ்லிம்களின் நிலை இன்னும் சிக்கலானது. ‘சௌத்வீன் கா சாந்த்’ (1960), ‘மேரே மெஹபூப்’ (1963) போன்ற, முஸ்லிம் குடும்பங்களைக் கதைக்களமாகக் கொண்ட இந்திப் படங்களின் அறிவிப்புகளைக் காண அவர்கள் பெங்களூரை நோக்க வேண்டியிருந்தது. தமிழும் உருதும் அடர்ந்திருந்த பெங்களூர்த் தண்டுப் பகுதி 1949இல்தான் நகரத்தோடு ஒரே மாநகராட்சியாக இணைந்தது. சிவாஜிநகர் எல்ஜின் போன்ற அரங்குகள் அப்பகுதியின் பன்மொழி மக்களுக்கானவை. வேறொரு மாநிலத்து நகரின் சினிமாப் பத்தியில் தம் மொழியைத் தேடிய வாசகரை, தமிழ்த் திரைப்பட வரலாறும் கணக்கில் கொள்ளவில்லை. கன்னடத் திரைப்பட வரலாறும் கொள்ளவில்லை. ‘மொகலே ஆஸம்’ 1961இல் ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழில் வந்து தோல்வியுற்றது என்று எழுதுவோர், அதை உருதுவிலேயே கேட்க வல்ல தமிழகத்து மக்கள் இருந்தனர் என்பதைச் சேர்த்து எழுதுவதில்லை.

இங்கு நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. மீலாது விழா, மதரஸா ஆண்டு விழா, பயான் ஆகியவற்றுக்கு அச்சிடப்பட்ட அறிவிப்புகளில் ஹிஜ்ரி ஆண்டும் ஆங்கில ஆண்டும் அருகருகே இடம்பெறுவது நம் வழக்கம். காலத்தைக் குறிப்பதில் இத்துணைக் கவனம் கொண்ட சமூகம், அத்தாள்களைக் காப்பதில் அக்கவனத்தைக் காட்டவில்லை. சினிமா நோட்டீசைப் பற்றிச் சொல்லவே வேண்டா. திரைப்படத்தை உலமாக்கள் ஏற்காத சூழலில், அதைப் பார்த்து வந்தவரும் அதன் தாளை வீட்டில் வைத்திருக்கத் துணியார். அந்நிலைப்பாட்டின் சரி, தவறு இங்கு நம் பொருளன்று. ஒன்றை விலக்குவது வேறு. அது நடந்தது என்பதற்கான சான்றையே இழப்பது வேறு. நாம் சினிமாவிலிருந்து விலகி நின்றோம் என்று மெய்ப்பிக்கவும் அந்த நோட்டீசுகள்தாம் வேண்டும்.

சான்றுகளைக் காப்பது இயலாத செயலன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் திரட்டிய தாள்களே, அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயின. பாட்டுப் புத்தகமும் நோட்டீசும் அங்கே நூல்களுக்கு நிகரான மதிப்புப் பெற்றுள்ளன. பிலிம் நியூஸ் ஆனந்தனின் பல்லாண்டுச் சேகரிப்பைத் தமிழக அரசே பெற்றுக்கொண்டது. சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய பக்கங்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் அனைவருக்கும் திறந்து வைத்துள்ளது. அங்கு எந்தப் படம் எந்தக் கிழமை ஓடியது என்பதை ஒரு மாணவர் வீட்டிலிருந்தே அறியலாம். கடல் கடந்த தமிழருக்குக் கிட்டிய இவ்வசதி ஓசூர்த் தமிழருக்கு வாய்க்கவில்லை.

எஞ்சியவை எங்கே இருக்கக்கூடும்? மூடப்பட்ட அச்சகங்களின் மாதிரிக் கட்டுகளில். பின்பக்கம் வெறுமையாக விடப்பட்ட தாள் என்பதால் கணக்கெழுதப் பயன்படுத்திய கடைகளின் பழைய கோப்புகளில். ஜமாஅத் அலுவலகங்களின் பரண்களில். அத்தகைய தாளொன்று கையில் கிட்டுவோர் அதைக் கிழிக்காது, அச்சகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஊரின் முதியோரிடம் வினவி, ஆண்டைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைப்பாராயின், அதுவே ஒரு வரலாற்றுப் பணியாகும். ஆண்டு எழுதப்பட்ட பத்து நோட்டீசுகள் சேர்ந்தால், பெருநாளுக்கும் திரையரங்குக்கும் தொடர்பு இருந்ததா என்ற நம் வினாவுக்கு ஊகத்தைக் கடந்த விடை கிடைக்கும்.