விபத்துச் செய்தியும் அறிவிப்பாளர் வரிசையும்

குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் நம் சமுதாயத்தில் வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. திருமண மலர்களிலும் நினைவு மலர்களிலும் பாட்டனார், பூட்டனார் பற்றிய கட்டுரைகள் தவறாது இடம்பெறுகின்றன. ஆயினும், முன்னோர் ஒருவர் விபத்தில் மாண்டிருப்பாராயின், அப்பகுதி எழுதப்படும் முறை நமக்கு நிறைவளிப்பதில்லை. பழைய நாளிதழின் துண்டு ஒன்றை அச்சிட்டு, ஆதாரம் கிடைத்துவிட்டதென ஆராய்ச்சியை முடிப்பார் ஒரு சாரார். இதழில் பெயர் காணவில்லை என்பதால் வீட்டு முதியோர் சொல்லி வந்ததைக் கட்டுக்கதை என ஒதுக்குவார் மற்றொரு சாரார். செய்தியை எடைபோடும் வேலையை இருவருமே செய்வதில்லை. அவ்வேலைக்கெனத் தனிக் கலையையே வளர்த்த முஹத்திஸீன்களின் வழிவந்த நாம் இவ்வாறு எழுதுவது முறைதானா?

எலவனாசூர்கோட்டைக்கு அணித்தான உளுந்தூர்ப்பேட்டை வழியாகவும், விருத்தாசலம் வழியாகவும் செல்லும் இருப்புப்பாதையில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1956 நவம்பர் 22 வியாழன் இரவு சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மறுநாள் வைகறையில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. பெருமழையால் ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டிருந்தது; இஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் நீரில் வீழ்ந்தன. உயிரிழந்தோர் 142 பேர் என்று எழுதுவோரும் உளர். 150க்கு மேல் என்று எழுதுவோரும் உளர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரிலும் பாலம் இடிந்து இரயில் கவிழ்ந்தது. அப்போது அவர் விலக முன்வந்தும் பிரதமர் நேரு ஏற்கவில்லை. இவ்விரு விபத்துகளையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவோர் இன்றும் உளர். நாடறிந்த அமைச்சரின் செய்தியிலேயே இத்துணைக் குழப்பம் என்றால், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பயணம் செய்த ஓர் எளிய வணிகரின் செய்தி எந்நிலையில் இருக்கும் என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

முதலில் நாளிதழ்களின் தகுதியைப் பார்ப்போம். 'ஐந்து ஏடுகளில் இவ்வாறே வந்துள்ளது. ஆகவே ஐயமில்லை' என்று எழுதப்படுவதுண்டு. ஐந்து ஏடுகளும் ஒரே செய்தி நிறுவனத்தின் தந்தியைப் பெற்று வெளியிட்டிருந்தால், அறிவிப்பாளர் ஐவர் ஆகார், ஒருவரே ஆவார். ஹதீஸ் கலையில், பல வழிகளில் வந்ததாகத் தோன்றும் அறிவிப்பு மேலே சென்று ஒரே மனிதரில் முடியுமாயின் அதனை 'முதவாத்திர்' என எவரும் கொள்வதில்லை. இக்கண் கொண்டே பழைய ஏடுகளைப் படித்தல் வேண்டும். ஏட்டின் சொந்த நிருபர் ஆற்றங்கரைக்குச் சென்று எழுதிய வரி எது, தந்தியில் வந்த வரி எது என்று பிரித்தறிவதே முதற்பணி.

அடுத்தது நாள் பற்றியது. விபத்து விடியற்காலையில் நிகழ்ந்தமையால் அன்றைய காலைப் பதிப்புகளில் அதனைத் தேடிப் பயனில்லை. 24ஆம் தேதி முதல் தொடர்ந்து பல நாள் ஏடுகளைப் புரட்ட வேண்டும். முதல்நாள் எண்ணிக்கையைப் பின்னாள் செய்தி மாற்றும். முதற்பட்டியலில் பிழைபட்ட பெயர் பிறிதொரு பட்டியலில் திருந்தும். முதல்நாள் துண்டு ஒன்றை மட்டும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுச் செய்தியிலும் நாள் பற்றி ஒரு நுட்பம் உண்டு. 'வெள்ளி இரவு வண்டி ஏறினார்கள்' என்று பாட்டியார் சொன்னதாக வைத்துக்கொள்வோம். பேரர் நாட்காட்டியைப் பார்த்து, 'விபத்து வெள்ளி விடியலிலேயே நிகழ்ந்துவிட்டது. பாட்டியார் கூற்று பொருந்தாது' என்று தள்ளிவிடுவார். மஃரிபோடு நாள் பிறக்கும் நம் கணக்கில் வியாழன் மாலைக்குப் பின் வருவதே வெள்ளி இரவு என்பதை அவர் மறந்தார். பாட்டியார் சொன்னது இம்மியும் பிசகாத உண்மை. பெண்மக்களின் நினைவைக் கதை என்று ஒதுக்குவோர் ஒன்றை எண்ணுக: ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் ஸஹீஹுல் புகாரீயை அறிவித்தவர்களுள் கரீமா மர்வஸிய்யா அம்மையாரும் ஒருவர்; கதீப் பக்தாதீ போன்ற பேரறிஞரே மக்காவில் அவரிடம் அந்நூலைப் பாடம் கேட்டார்.

இனி, அரசுப் பதிவுகள். இறப்பு எங்கு நிகழ்ந்ததோ அங்குதான் பதிவாகும். சொந்த ஊர்ப் பதிவேட்டில் தேடி இல்லையெனத் திரும்புவதால் பயன் என்ன? 1956இல் அரியலூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. எலவனாசூர்கோட்டையோ தென்னாற்காட்டைச் சேர்ந்தது. 1993இல் தென்னாற்காடு பிரிந்தது; 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று; அரியலூரும் இன்று தனி மாவட்டமே. ஆவணங்களைத் தேடுவோர் இன்றைய எல்லையை விடுத்து அன்றைய எல்லையை மனத்திற்கொள்ள வேண்டும். அக்காலத்தில் 1899ஆம் ஆண்டின் சென்னைச் சட்டப்படி கிராமங்களில் பிறப்பு இறப்புப் பதிவைக் கிராம முன்சீப்பே செய்து வந்தார். 1969ஆம் ஆண்டுச் சட்டமோ, கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடச் செய்து நகல் பெற வழி வகுத்துள்ளது. காவல்துறையின் பிரேத விசாரணை அறிக்கை, இரயில்வே ஆய்வாளரின் விசாரணை, இழப்பீடு கோரிய மனு ஆகியன நாளிதழைச் சாராத தனித்தனி வழிகள். அவற்றுள் ஒன்று கிடைப்பினும் அது ஏட்டுத் துண்டுகள் பத்துக்கு ஈடாகும்.

பெயரிலும் விழிப்பு வேண்டும். அப்துல் காதிர் என்னும் ஒரே பெயர் காதர், காதிறு, காதர் சாயபு எனத் தமிழிலும், அதைவிடப் பல வடிவில் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டுள்ளது. பட்டப்பெயரே பெயராகி, தந்தை பெயர் விடுபட்ட பட்டியல்கள் பல. பெயர் ஒத்திருப்பது மட்டும் போதாது. ஊர், வயது, தொழில், உடன் சென்றோர் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்திருந்தாலன்றி, 'இவரே அவர்' என்று எழுதலாகாது.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியோர் அவ்வாறு கேளார். தந்தையும் மகனும் ஒரே வெள்ளத்தில் மூழ்கி, யார் முந்தி இறந்தார் என்பது தெரியாவிடில், ஒருவர் மற்றவருக்கு வாரிசாகார் என்பது ஷாபிஈ, ஹனபீ இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். தந்தை சில நாழிகை உயிரோடிருந்து மருத்துவமனையில் இறந்தார் என்பது உறுதிப்படின், பாகப்பிரிவினை முழுவதும் மாறிவிடும். விதவையின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இறந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. உடல் கிடைக்காதவர் 'மஃப்கூத்' ஆகிறார். அவர் மனைவியின் நிலையும் சொத்தின் நிலையும் ஆண்டுக்கணக்கில் தொங்கலில் நிற்கும். கணவன் பற்றிய செய்தி நான்கு ஆண்டுகள் இல்லையெனில் மணவிடுதலை கோரலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டமும், ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையெனில் இறந்தவராகக் கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் கூறின. ஆகவே ஒரு குடும்பத்தில் நிலம் ஏன் ஒரு கிளைக்குச் சென்றது, ஒரு கைம்பெண் ஏன் காலங்கடந்து மறுமணம் செய்தார் என்பனவற்றிற்கெல்லாம் விடை, அந்த இறப்பின் நாளிலும் நாழிகையிலும் அடங்கியிருக்கலாம். தவறான தேதி ஒன்றை அச்சேற்றுவது, என்றோ மறைந்த ஒரு பெண்மணியின் ஒழுக்கத்தின் மீதே பழி சுமத்துவதாக முடியக்கூடும்.

நடை பற்றியும் ஒரு சொல். விபத்துகளைச் சிந்தாகப் பாடிச் சந்தையில் விற்ற பழைய மரபு தமிழ்நாட்டில் உண்டு. அப்பாடல்கள் கேட்போரைக் கண்ணீர் விடச் செய்வதற்காக இட்டுக்கட்டிய உரையாடல்களை நம் மலர்க் கட்டுரையாளர்கள் வரலாற்றில் கலக்கின்றனர். மூழ்கும் வேளையில் பாட்டனார் என்ன சொன்னார் என்பதைக் கரையில் நின்று கேட்டவர் யார்? கேட்டவர் இல்லையேல் அவ்வரி நீக்கப்பட வேண்டும். நீரில் மூழ்கி இறப்போருக்கு ஷஹீதின் பதவி உண்டென்று நபிமொழி நமக்கு அறிவிக்கிறது. அச்சிறப்பே அவருக்குப் போதும், நம் கற்பனை வேண்டியதில்லை.

எனவே, குடும்ப மலர் வெளியிட எண்ணும் அன்பர்களிடம் நாம் வேண்டுவது இதுவே. விபத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், 'இன்னார் சொன்னார், அவர் இன்னாரிடம் கேட்டார்' என்றோ, 'இந்த ஏடு, இந்தத் தேதி, இந்தப் பக்கம்' என்றோ குறித்திடுக. உறுதியானதை உறுதி என்றும், ஏற்கத்தக்கதை ஏற்கத்தக்கது என்றும், பலவீனமானதைப் பலவீனம் என்றும் எழுதுக. தேடும் பொறுமை உள்ளோர் சென்னை கன்னிமாரா நூலகத்தையும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் நாடுவாராக. ஆனால் அங்குச் செல்லுமுன், வீட்டில் எஞ்சியிருக்கும் மூத்த பெண்மணியின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொன்னவாறே எழுதிக்கொள்க. நூலகங்கள் காத்திருக்கும், அவர் காத்திருப்பார் என்று நாம் உறுதி கூற இயலாது.