ஃப்ரீரென்: வெற்றிக்குப் பின் தொடங்கும் கதை

‘சோசோ நோ ஃப்ரீரென்’ ஜப்பானிய மிகுபுனைவு அனிமே தொடர். கனேஹிதோ யமதா எழுதி, த்சுகாசா அபே வரைந்து, 2020 ஏப்ரல் முதல் ‘வீக்லி ஷோனென் சண்டே’ இதழில் வெளிவந்த மாங்கா எனப்படும் சித்திரக்கதை இதன் மூலம். அந்த மாங்கா 2021ல் மாங்கா தைஷோ விருது பெற்றது. மேட்ஹவுஸ் நிறுவனம் கெய்ச்சிரோ சைட்டோவின் இயக்கத்தில் அதைத் தொடராக்கியது. 28 பகுதிகள் கொண்ட முதல் பருவம் 2023 செப்டம்பர் 29 அன்று தொடங்கி 2024 மார்ச் 22 அன்று நிறைவுற்றது. முதல் நான்கு பகுதிகளும் ஒரே இரவில் தொடர்ச்சியாக ஒளிபரப்பாயின. இசை எவன் கால்.

தமிழ்ப் பார்வையாளர்களுக்கு அனிமே என்றால் பெரும்பாலும் டிராகன் பாலும் நருட்டோவும்தான். சண்டை, பயிற்சி, அதைவிடப் பெரிய சண்டை என்று போகிற கதைகள் அவை. அந்தப் பழக்கத்தோடு ஃப்ரீரெனைப் பார்க்க உட்காருபவருக்கு முதல் சில நிமிடங்களிலேயே சிறு திகைப்பு ஏற்படும். அரக்கர் அரசன் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டான். பத்தாண்டுப் பயணம் முடிந்து நால்வர் தலைநகருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பிற தொடர்கள் முடிகிற இடத்தில் இது தொடங்குகிறது.

தலைப்பிலேயே இதற்கான குறிப்பு இருக்கிறது. ‘சோசோ’ என்ற ஜப்பானியச் சொல் இறந்தவரை வழியனுப்பும் சடங்கைக் குறிப்பது. அரக்கர்கள் அஞ்சி ஃப்ரீரெனுக்கு வைத்த பெயரும் அதுவே. அவர்களில் மிகப் பலரை வழியனுப்பியவள் அவள். ஆனால் கதை போகப்போக அச்சொல்லின் மற்றப் பொருள் மேலெழுகிறது. தன் நண்பர்களை ஒவ்வொருவராக வழியனுப்ப நேர்ந்தவள். ‘பயணத்தின் முடிவுக்கு அப்பால்’ என்ற பொருளில் அமைந்த ஆங்கிலத் தலைப்பு அழகானதுதான். ஆனால் ஆங்கிலம் வழியாகத் தொடருக்கு வரும் தமிழ்ப் பார்வையாளர் அதில் சாவின் வாசனையைத் தவறவிடுகிறார்.

கதை

ஃப்ரீரென் எல்ஃப் என்னும் நெடுவாழ்வு இனத்தைச் சேர்ந்த மந்திரவாதி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவள். வீரன் ஹிம்மெல், மதகுரு ஹைட்டர், குள்ள இனத்துப் போர்வீரன் ஐசன் ஆகியோர் அவளுடைய தோழர்கள். பெயர்கள் எல்லாம் ஜெர்மன் சொற்கள். ஹிம்மெல் என்றால் வானம், ஐசன் என்றால் இரும்பு, ஃப்ரீரென் என்றால் உறைதல்.

வெற்றிக்குப் பின் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விண்கல் மழையை நால்வரும் பார்க்கிறார்கள். அடுத்த முறை இன்னும் நன்றாகத் தெரியும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு ஃப்ரீரென் கிளம்புகிறாள். ஏதோ அடுத்த வாரம் வருகிறேன் என்பதுபோல. ஐம்பது ஆண்டு கழித்து வரும்போது ஹிம்மெல் வழுக்கை விழுந்து தாடி நரைத்த கிழவன். விண்கல் மழையைச் சேர்ந்து பார்க்கிறார்கள். அதன் பிறகு அவன் இறந்துவிடுகிறான். அடக்கத்தின்போது இவள் முகத்தில் வருத்தமே இல்லையே என்று கூட்டத்தில் முணுமுணுக்கிறார்கள். அதன் பின்னரே அவள் அழுகிறாள். அவனைப் பத்தாண்டுகள்தான் தெரியும், அவனை அறிந்துகொள்ள முயலவே இல்லை என்பதே அவள் துயரம்.

ஹைட்டர் வளர்த்த அனாதைப் பெண் ஃபெர்னும், ஐசனின் மாணவன் ஷ்டார்க்கும் பின்னர் அவளோடு சேர்கிறார்கள். இறந்தவரின் ஆன்மா தங்குவதாகச் சொல்லப்படும் வடகோடி நிலத்துக்குப் போய் ஹிம்மெலுடன் ஒருமுறை பேசுவது அவள் நோக்கம். ஒருகாலத்தில் அரக்கர் அரசனின் கோட்டை இருந்த இடமும் அதுவே. ஆகவே பழைய பாதையிலேயே மறுபடி நடக்கிறார்கள்.

மெதுவா, வேகமா?

இத்தொடரை மெதுவானது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பாராட்டுபவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், பாதியில் விட்டவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் இதைப்போல வேகமாக ஓடும் தொடர் குறைவு. ஐம்பது ஆண்டுகள் சில காட்சிகளில் கடந்துவிடுகின்றன. ஃபெர்ன் குழந்தையாக அறிமுகமாகி, சில நிமிடங்களில் வளர்ந்த பெண்ணாகிறாள். அந்த இடைவெளியில் ஹைட்டர் படுக்கையில் விழுகிறார்.

மெதுவாவது வேறோர் இடத்தில். ஒரு சிற்றூரின் காட்டோரத்தில் ஹிம்மெலின் சிலை களிம்பேறி, கொடி படர்ந்து கிடக்கிறது. ஃப்ரீரென் அதைத் துலக்குகிறாள். சுற்றிலும் வைக்க அவனுடைய ஊர்ப் பூ ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்குகிறாள். அந்தப் பூ அப்பகுதியில் அழிந்துவிட்டது என்கிறார்கள். மாதக்கணக்காகத் தேடுகிறாள். ஃபெர்ன் பொறுமை இழக்கிறாள், அவளோடு சேர்ந்து பார்ப்பவரும் இழக்கிறார். ஹிம்மெலுக்காகவா இது என்று கேட்டால், தனக்காகத்தான் என்கிறாள். ஐம்பதாண்டுக்குச் சில காட்சிகள், ஒரு பூவுக்கு அரைப் பகுதி. தொடரின் கணக்கு இப்படித்தான் தலைகீழாக இருக்கிறது.

இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. நெடுவாழ்வினளான ஃப்ரீரெனுக்குப் பத்தாண்டு ஒரு பொருட்டல்ல. நழுவவிட்ட அந்தப் பத்தாண்டில் என்ன இருந்தது என்று இப்போது அறிய வேண்டுமானால் அவள் நிமிடங்களில் வாழக் கற்க வேண்டும். ஃபெர்னின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது, புத்தாண்டுச் சூரியனைப் பார்க்க விடியுமுன் எழ முடியுமா என்பவையெல்லாம் அந்தப் பாடங்கள். பார்ப்பவரும் அவளோடு அந்தப் பாடத்தைப் படிக்கிறார். காட்சிகளில் வரும் ஆண்டுக் குறிப்புகள் ‘வீரன் ஹிம்மெல் இறந்து 28 ஆண்டுகள்’ என்ற முறையில் அமைகின்றன. கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டு போடுவதைப் போல, இங்கே ஒரு சாவிலிருந்து காலம் எண்ணப்படுகிறது.

கல்லும் சிலையும்

வெற்றிக்குப் பிந்தைய கதை தமிழுக்குப் புதிதன்று. மதுரை எரிந்ததோடு சிலப்பதிகாரம் முடிந்திருக்கலாம். இளங்கோ மேலும் ஒரு காண்டம் எழுதுகிறார். வஞ்சிக்காண்டத்தில் அடுத்தடுத்து வரும் ஐந்து காதைகளின் பெயர்கள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து. இவை தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல்லுக்குச் சொல்லும் படிநிலைகளை ஒட்டியவை. கல்லைத் தேர்வது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது. இறந்த ஒருத்திக்காகக் கல் தேடி இமயம் வரை போவதற்குக் காப்பியத்தின் மூன்றில் ஒரு காண்டம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கதை நின்றுவிட்டதே என்று அதைப் படிப்பவருக்கும் தோன்றக்கூடும்.

நடுகல் மரபின் மிகப் பழைய சான்றுகளில் சில வைகைச் சமவெளியில் கிடைத்தவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் 2006ல் கண்டறியப்பட்டன. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்தவனுக்கானது. திண்டுக்கல் மாவட்டத்தில், பூச்சந்தைக்குப் பெயர்போன நிலக்கோட்டை வட்டத்தில், தாதப்பட்டியிலும் அத்தகைய கல் ஒன்று கிடைத்தது. அதன் எழுத்தின் தொடக்கம் சிதைந்துவிட்டது. ‘அடியோன்’ என்ற சொல்லும், பாகல் பாளிய் என்று வாசிக்கப்படும் பெயரும், ‘கல்’ என்ற சொல்லும் மிஞ்சியிருக்கின்றன. யாருக்கு அடியோன் என்பது போய்விட்டது. தலைவனின் பெயர் அழிந்து, அடியவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறது.

வட மாவட்டங்களில் இதற்கு நேர்மாறான மறதியைக் காணலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. அங்கே பொங்கலும் படையலும் உண்டு. கல்லில் இருப்பவன் யார், எந்தப் பூசலில் விழுந்தான் என்பது கும்பிடுபவருக்குப் பொதுவாகத் தெரியாது.

இந்த இரண்டு மறதிகளும் ஃப்ரீரென் தொடரின் ஊர்களில் இருக்கின்றன. ஓர் ஊரில் சிலை உண்டு, கவனிப்பார் இல்லை. இன்னோர் ஊரில் ஆண்டுதோறும் திருவிழா உண்டு, ஆனால் ஹிம்மெல் கதைப்பாத்திரம் போல ஆகிவிட்டான். வீரர்களின் வாளைப் பற்றிய பகுதி இதில் சிறந்தது. உண்மையான வீரனால் மட்டுமே உருவ முடியும் என்று சொல்லப்படும் அந்த வாளை ஹிம்மெல் உருவினான் என்று உலகம் நம்புகிறது. அவனால் உருவ முடியவில்லை. வாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது இல்லாமலே அவன் அரக்கர் அரசனை வென்றான். இதை அறிந்து இன்னும் உயிரோடிருப்பவர் மிகச் சிலர், ஃப்ரீரென் அவர்களில் ஒருத்தி.

ஊர் ஊராக ஹிம்மெல் தனக்குச் சிலை வைத்துக்கொள்வது முதலில் நகைச்சுவையாகவே வருகிறது. எந்த நிலையில் நிற்பது என்று மணிக்கணக்காக யோசிப்பவன் அவன். பிறகு ஒரு பகுதியில் காரணம் சொல்கிறான். எங்களையெல்லாம் இழந்த பிறகு வருங்காலத்தில் நீ தனியாக இருக்கக்கூடாது என்பதற்காக. நடுகல் ஊராருக்காக நடப்படுவது. ஹிம்மெலின் சிலை ஒரே ஒருத்திக்காக நிற்கிறது. நால்வரும் வாழ்ந்தது கட்டுக்கதையல்ல என்று சொல்ல அவளுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதை அவன் முன்கூட்டியே நினைத்திருக்கிறான்.

அவள் சேகரிக்கும் மந்திரங்களையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். உலகை அழிக்கும் மந்திரம் எதையும் அவள் தேடுவதில்லை. வெண்கலச் சிலையின் களிம்பை நீக்கும் மந்திரம், பூந்தோட்டம் விரிக்கும் மந்திரம், இனிப்புத் திராட்சையைப் புளிக்கவைக்கும் மந்திரம். கடைசியாகச் சொன்னது வேடிக்கைபோலத் தோன்றும். சிறுமலை அடிவாரத்து வெள்ளோடு பக்கத்துப் பன்னீர்த் திராட்சையைத் தின்று பழகிய திண்டுக்கல்காரருக்கு அப்படியொரு மந்திரம் தேவையே இல்லை, புளிப்பு அதிலேயே உண்டு. ஆனால் ஐசனுக்குப் புளித்த திராட்சை பிடிக்கும். பயனற்ற மந்திரம் ஒன்று நண்பனின் நாக்கை நினைவில் வைத்திருக்கிறது.

பொறுமை தீரும் இடங்கள்

தொடரின் சண்டைகளும் இதே கணக்கில் இயங்கும்போது வலுவாக இருக்கின்றன. பழைய அரக்கன் குவாலை எண்பது ஆண்டுக்கு முன் முத்திரையிட்டு அடக்கியிருந்தார்கள். அவன் விழித்தெழும்போது, அன்று எவராலும் தடுக்க முடியாதிருந்த அவனுடைய கொலைமந்திரம் மாணவர்கள் கற்கும் சாதாரணப் பாடமாகிவிட்டிருக்கிறது. காலமே அவனைத் தோற்கடித்திருக்கிறது. அவுரா என்னும் அரக்கியுடனான மோதலிலும் அப்படித்தான். இருவரின் மந்திர ஆற்றலை நிறுத்துப் பார்த்து, குறைந்தவரை அடிமையாக்கும் தராசு அவுராவிடம் இருக்கிறது. ஃப்ரீரென் தன் ஆற்றலை மறைப்பதையே வாழ்நாள் பயிற்சியாகக் கொண்டவள். தராசு சாயும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது.

சிக்கல் அரக்கர்களைத் தொடர் வரையறுக்கும் விதத்தில் இருக்கிறது. அரக்கர்களுக்கு மொழி என்பது மனிதரை ஏமாற்றும் கருவி மட்டுமே என்கிறது கதை. சாகும் தறுவாயில் ‘அம்மா’ என்று சொல்லும் அரக்கச் சிறுமிக்குக்கூட அச்சொல்லின் பொருள் தெரியாது. இரக்கம் காட்டிய ஊர்த்தலைவர் அவள் கையாலேயே சாகிறார். ஒரு பூவுக்காக ஆறு மாதம் செலவழிக்கும் தொடர், ஓர் இனம் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுகிறது. கம்பனின் இராவணனுக்காக வருந்திய, 1946ல் புலவர் குழந்தையின் இராவண காவியத்தைக் கண்ட மொழியில் இது எளிதில் செரிக்காது. மாங்காவின் பிற்பகுதி இக்கேள்விக்குத் திரும்புகிறது என்றாலும், முதல் பருவத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த ஆறுதல் கிடையாது.

முதல்நிலை மந்திரவாதித் தேர்வு நடக்கும் கடைசி மூன்றிலொரு பங்கும் தொய்வானது. புதிய பாத்திரங்கள் குவிகிறார்கள், குழு பிரிக்கிறார்கள், யார் தேறுவார் என்ற பரபரப்பு வருகிறது. அதாவது பிற அனிமேக்களைப் போல ஆகிவிடுகிறது. வினோதம் என்னவென்றால், சம்பவங்கள் மிகுந்த இந்தப் பகுதியே தொடரில் நீளமாகத் தோன்றுகிறது. ஹிம்மெலின் நினைவுகள் இங்கே அருகிவிடுகின்றன, ஷ்டார்க்குக்குப் பெரும்பாலும் வேலை இல்லை.

ஆனால் தேர்வின் முடிவில் ஒரு காட்சி இருக்கிறது. தேறியவருக்கு அவர் கேட்கும் எந்த மந்திரத்தையும் பெருமந்திரவாதி ஜேரியே வழங்குவாள். பிறருக்கு எட்டாத பேராற்றல்கள் அவளிடம் உண்டு. ஃபெர்ன் கேட்பது துணியின் அழுக்கைப் போக்கும் மந்திரத்தை. பயணத்தில் மூவரின் துணிகளையும் துவைப்பவள் அவள்தான்.