தமிழ் இணையம்: யாருடைய வரலாறு?

தமிழ் இணையத்தின் தொடக்ககாலம் பற்றி நம்மிடையே ஒரு கதை உலாவுகிறது. விழா மேடைகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் அது ஒரே தொனியில்தான் சொல்லப்படுகிறது: சங்கத்தில் வளர்ந்த தமிழ் கணினியிலும் ஏறிவிட்டது, சிதறிப்போன தமிழர்கள் இணையத்தால் ஒன்றானார்கள். இதன் முற்பாதியோடு எனக்குப் பிணக்கில்லை. பிற்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

முற்பாதி பெருமைக்குரியதுதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுப்பகுதியிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிற்சர்லாந்தின் லவுசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் 1995 ஒக்ரோபரில் தமிழ்க் கவிதை இணையத்தில் ஏறியது. 1998 தைப்பொங்கலன்று தொண்டர்களின் முயற்சியாக மதுரைத் திட்டம் பிறந்தது.

ஆனால் அதே 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்தது என்ன? இலட்சக்கணக்கானோர் இரவோடிரவாக நாவற்குழி கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். 1990இலிருந்தே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகின. "தமிழர்கள் ஒன்றானார்கள்" என்ற வாக்கியத்தில் இவர்கள் எங்கே? இணைய வரலாற்றை மென்பொருள் செய்தவர்களின் பட்டியலாக மட்டும் எழுதும்போது, அப்போது மின்சாரமும் தொலைபேசியும் யாருக்கு இருந்தன என்ற கேள்வி கழன்றுவிடுகிறது.

எழுத்துருவின் கதையிலும் இதே சிக்கல் உண்டு. விண்டோஸ் தானாகத் தமிழை அறிந்தது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஆளுக்கொரு வரிசையில் உட்காரவைத்தார்கள். ஈழத்தவரிடையே பாமினி பரவியது. அது பழைய தட்டச்சுப்பொறியின் விசைவரிசையைப் பின்பற்றியது. கந்தோரிலோ அச்சகத்திலோ தட்டச்சுப் பழகியவர் மறுநாளே வேலை தொடங்கலாம். புளொப்பியில் கைமாறியது. புலம்பெயர்ந்த சிறுபத்திரிகைகள் பலவும் அதன் தயவில் வெளிவந்தன. மக்களின் கைப்பழக்கத்தை மதித்த தொழில்நுட்பம் மக்களிடம் சேர்ந்தது. முதற் பாடம் இதுவென்று எனக்குப் படுகிறது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கணினிக்குள் சேமிக்கப்படுவது அம்மா அல்ல. சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குப்பை; தமிழில் தேடினாலும் அகப்படாது. இத்தகைய குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெற் 99 மாநாடு விசைப்பலகையில் ஒன்றைத் தந்தது. எழுத்துக் குறியீட்டில் தாம், தாப் என இரண்டைத் தந்தது. 1991இல் வந்த யூனிக்கோட்டோ இந்திய அரசின் இஸ்கி வரிசையைத் தழுவியது. தரம் நிர்ணயிக்கும் இடங்களில் அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்குமே பலம். அரசில்லாதவர்கள் அங்கு தீர்மானித்ததைப் பெற்றுக்கொள்பவர்களே.

"யூனிக்கோட் வந்து எல்லாம் தீர்ந்துவிட்டதே" என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் வசிக்கும் விட்பியை வைத்தே பதில் சொல்கிறேன். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கே நகர்ந்த நம்மவர் வீடுகளில் இணைப்புக்குக் குறைவில்லை. கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2016இல் அகலக்கற்றையை அடிப்படைச் சேவையாக அறிவித்து, நொடிக்கு 50 மெகாபிற் என்று இலக்கும் வைத்தது. அது கம்பியின் அளவு. அந்தக் கம்பி வந்த வீட்டில் அம்மம்மா குரற்பதிவு அனுப்புகிறார். ஓய்வூதியப் படிவம் நிரப்பப் பேரப்பிள்ளை பள்ளியால் வரும்வரை காத்திருக்கிறார். ஊரில் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியவர் இங்கே ஒரு வரியும் எழுதுவதில்லை. கணக்கெடுப்பில் அவரும் இணைக்கப்பட்டவரே.

1990களின் நடுப்பகுதியில் கனடிய சமஷ்டி அரசு நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் பொதுக் கணினிகள் வைக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. பல இடங்களில் பக்கத்திலிருந்து சொல்லித்தர ஓர் இளைஞரும் இருந்தார். திட்டம் தன் நோக்கத்தை அடைந்துவிட்டதென்று கூறி 2012இல் நிதியை நிறுத்தினார்கள். வீட்டுக்கு இணைப்பு வந்ததால் சொல்லித்தரும் ஆள் தேவையில்லை என்றாகிவிடுமா?

1981இல் எரிந்த யாழ் நூலகத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளை ஸ்கான் செய்து காத்துவருகிறது. ஆனால் நம் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் பாமினிக் கோப்புகள் எரியாமலே அழிகின்றன. யூனிக்கோட்டுக்கு மாற்றும் செயலிகள் உண்டு. இருந்து செய்ய ஆளில்லை. பழைய தட்டச்சு விசைவரிசையிலேயே இன்று யூனிக்கோட்டில் எழுதவும் முடியும். அந்த வரிசை தெரிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கிழமைக்கு ஒரு பின்னேரம், ஒரு முதியவரும் ஓர் இளையவரும் ஒரு பழைய கோப்போடு உட்காரட்டும். இளையவர் செயலியைக் காட்டட்டும். முதியவர் பிழை திருத்தட்டும், பிறகு தன் சொந்த எழுத்தைத் தொடங்கட்டும். மாநாட்டு மலர்களுக்குச் செலவாகும் பணத்திலும் நேரத்திலும் ஒரு பங்கு இதற்குப் போதும். இதைவிட அவசரமான வேலை உண்டென்று கருதுவோர் அடுத்த இதழில் எழுதட்டும்; விவாதிப்போம்.